தேன் விற்பனையில் கூட்டுறவு: மார்த்தாண்டத்தைப் பாருங்கள்

சிறுசேரி, திருப்போரூர் பக்கம் தென்னந்தோப்பிலோ மாந்தோப்பிலோ தேனீப் பெட்டி வைக்க விரும்பும் விவசாயி இரண்டு விஷயங்களை முதலில் யோசிக்க வேண்டும். ஆண்டில் எத்தனை மாதம் பூ இருக்கும் என்பது ஒன்று. எடுத்த தேனை யாரிடம் கொடுப்பது என்பது மற்றொன்று. பூவை நாமே பார்த்துக்கொள்ளலாம். சவுக்குத் தோப்பில் மதுரம் கிடைக்காது என்பதை மட்டும் நினைவில் வைத்தால் போதும். விற்பனைக்கு மார்த்தாண்டத்தைத்தான் பார்க்க வேண்டும்.

அன்று திருவிதாங்கூரில் இருந்த மார்த்தாண்டத்தில், 1920-களில் ஒய்.எம்.சி.ஏ. கிராமப் புனரமைப்பு நிலையம் டாக்டர் ஸ்பென்சர் ஹாட்ச் தலைமையில் பெட்டியில் தேனீ வளர்க்கக் கற்றுக்கொடுத்தது. 1937-ல் தேனீ வளர்ப்போர் கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. உறுப்பினரின் தேனை எடைபோட்டு வாங்கி, சூடேற்றி, வடிகட்டி விற்பது சங்கத்தின் வேலை. பத்துப் பெட்டி வைத்திருப்பவர் தனியாகச் செய்யக்கூடியதல்ல இது. மார்த்தாண்டம் தேனுக்கு 2023-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது.

அங்கே பெரும்பாலும் ரப்பர் தேன்தான். தை முதல் பங்குனி வரை மரம் கொழுந்து விடும்போது இலைக்காம்பின் நுனியில் மதுரம் சுரக்கும், பூவிலிருந்து அல்ல! அந்தப் பருவம் போய் மழை பிடித்துக்கொண்டால் சர்க்கரைப் பாகு கொடுத்துத்தான் தேனீக் கூட்டத்தைக் காப்பாற்ற வேண்டும். சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. கையில் பணமில்லாத நேரத்தில் வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால், அடுத்த பருவத்துத் தேன் அவருக்கு. விலையும் அவர் சொல்வதே. வியாபாரியை மட்டும் குறை கூறிப் பயனில்லை. கிலோவுக்கு ஒன்றிரண்டு ரூபாய் கூடக் கிடைக்கிறதென்று நல்ல தேனை வெளியே விற்று, மிஞ்சியதைச் சங்கத்தில் ஊற்றினால் எந்தச் சங்கம் நிற்கும்?

சங்கத் தொட்டியில் எல்லோர் தேனும் ஒன்றாகக் கலக்கிறது. தேனில் நீர் 100-க்கு 20 பங்குக்கு மேல் இருக்கக்கூடாது என்பது விதி. மெழுகு மூடாத அடையை அவசரப்பட்டு எடுத்துச் சுற்றினால் நீர் மிகுந்து, தேன் புளித்து நுரைக்கும். ஒருவர் கொண்டுவந்த பச்சைத் தேன் தொட்டி முழுவதையும் கெடுத்துவிடும். ஆகவே அடையில் முக்கால் பங்கு அறைகளாவது மூடிய பிறகே எடுக்க வேண்டும். தொட்டியில் ஊற்றுமுன் ஒவ்வொருவர் தேனிலும் நீரளவைச் சோதித்து, தரத்துக்கேற்ற விலை கொடுக்கும் சங்கத்தில்தான் சண்டை குறையும்.

நோயை மறைப்பதும் இதுபோன்றதே. 1990-களின் தொடக்கத்தில் தென்னிந்தியாவில் பரவிய 'தாய் சாக்புரூட்' என்னும் நச்சுயிரி நோயில் புழுக்கள் நீர்கோத்த பைபோலாகிச் செத்தன. கூட்டங்கள் ஏராளமாக அழிந்தன. நோய் கண்ட பெட்டியின் சட்டத்தை அண்டை வீட்டுக்காரருக்குக் கொடுக்கக்கூடாது.

கலப்படம் தனிக் கதை. 2020 டிசம்பரில் டில்லியிலுள்ள அறிவியல் சுற்றுச்சூழல் மையம் 13 வணிகப் பெயர்களில் வந்த தேனைச் சோதித்து, பெரும்பாலானவற்றில் சர்க்கரைப் பாகு கலந்திருப்பதாக அறிவித்தது. மலிவான பாகு தேனென்று விலை போனால் அடிபடுவது பெட்டிக்காரரே.

கூட்டுறவு நம் கடற்கரைக்குப் புதிதல்ல. மாமல்லபுரத்துக்கு அருகே வடநெம்மேலியில் இருளர்களின் பாம்பு பிடிப்போர் சங்கம் 1978-ல் தொடங்கியது. நஞ்சு எடுத்து, நச்சுமுறி மருந்து செய்வோருக்கு விற்கிறது.

செங்கல்பட்டு மாவட்டத்தில் தர்பூசணி போடுவோரும் தேனீ வளர்ப்போருடன் சேர வேண்டும். தர்பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. தேனீ வராவிட்டால் காய் கோணும். மருந்து தெளிப்பதாயிருந்தால் முதல் நாளே பெட்டிக்காரருக்குச் சொல்லி, தேனீ கூடு திரும்பிய மாலையில் தெளிக்கலாம்.