சீட்டுக் குலுக்கல் சொன்ன தீர்ப்பு

ராயபுரத்திலிருந்தோ திருவொற்றியூரிலிருந்தோ கடற்கரை நிலையத்துக்கு வந்து, தாம்பரம் செல்லும் மின்சார ரயிலில் ஏறியிருக்கிறீர்களா? தாம்பரத்துக்கு முந்தைய நிலையத்தின் பெயர்ப் பலகையில் 'தாம்பரம் சானடோரியம்' என்று எழுதியிருக்கும். சானடோரியம் என்பது காசநோயாளிகள் மாதக் கணக்கில் தங்கிச் சிகிச்சை பெறும் மருத்துவமனை. 1928 ஆம் ஆண்டில் டாக்டர் சௌரி முத்து என்பவர் அங்கே அதைத் தொடங்கினார். அந்தக் காலத்தில் காசநோய்க் கிருமியைக் கொல்லும் மருந்து கிடையாது. தூய காற்று, முழு ஓய்வு, நல்ல உணவு இவைதாம் சிகிச்சை.

இனி 1950-களின் ராயபுரத்தை மனத்தில் எண்ணிப் பாருங்கள். ஓர் ஒண்டுக் குடித்தனம். ஒரே அறையில் ஆறு பேர். துறைமுகத்தில் மூட்டை சுமக்கும் தந்தைக்குக் காசநோய். கிருமியைக் கொல்லும் மருந்துகள் அப்போது வந்துவிட்டன. ஆனாலும் "ஓராண்டு சானடோரியத்தில் இருக்க வேண்டும்" என்கிறார் மருத்துவர். அங்கே படுக்கைகளோ குறைவு. தந்தை போய்விட்டால் கூலி நின்றுவிடும். வீட்டிலேயே இருந்தால் குழந்தைகளுக்கு நோய் தொற்றிவிடாதா? நோய்தான் குணமாகுமா? இந்தக் கேள்வி ஒரு குடும்பத்துக்கு மட்டும் உரியதன்று. நாடு முழுவதும் லட்சக்கணக்கான குடும்பங்கள் இதே நிலையில் இருந்தன.

எப்படி ஒப்பிடுவது?

"வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் இருந்தவர்களையும் ஒப்பிட்டுப் பார்த்தால் போயிற்று" என்று நீங்கள் சொல்லலாம். அதில் ஒரு பொறி இருக்கிறது.

உங்கள் வகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள். முன் வரிசை மாணவர்களின் சராசரி உயரத்தையும் கடைசி வரிசை மாணவர்களின் சராசரி உயரத்தையும் அளந்து பாருங்கள். கடைசி வரிசைதான் பெரும்பாலும் உயரமாக இருக்கும். அதற்காக, கடைசி பெஞ்சில் உட்கார்ந்தால் உயரம் வளரும் என்று சொல்வோமா? உயரமானவர்களை ஆசிரியரே அங்கு உட்கார வைத்தார், அவ்வளவுதான்.

மருத்துவர் தேர்ந்தெடுத்தாலும் இப்படித்தான் ஆகும். மிகவும் மோசமான நோயாளிகளைச் சானடோரியத்துக்கு அனுப்புவார், லேசாக நோய் கண்டவர்களை வீட்டில் விடுவார். பிறகு காணும் வேறுபாடு சிகிச்சையால் வந்ததா, தேர்வால் வந்ததா? யாராலும் சொல்ல முடியாது.

இதற்கு ஒரு வழி உண்டு. யாருக்கு எந்தச் சிகிச்சை என்பதைக் குலுக்கலிடம் விட்டுவிட வேண்டும். குலுக்கலுக்குப் பரிவும் இல்லை, பாரபட்சமும் இல்லை. இளையோர், முதியோர், நோய் முற்றியவர், முற்றாதவர் எல்லோரும் இரு பக்கமும் ஏறக்குறைய சமமாகவே விழுவார்கள். பிரிட்டனில் ஸ்ட்ரெப்டோமைசின் மருந்தை இவ்வாறு 107 காசநோயாளிகளிடம் சோதித்தார்கள். யாருக்கு மருந்து என்பதை மூடி ஒட்டிய உறைகள் தீர்மானித்தன. ஆறு மாதங்களில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், பெறாத 52 பேரில் 14 பேரும் இறந்தனர். இந்த முடிவு 1948 இல் வெளியானது.

சென்னையில் நடந்த சோதனை

1956 ஆம் ஆண்டில் சென்னை சேத்துப்பட்டில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை கைகோத்தன. டாக்டர் வாலஸ் ஃபாக்ஸ் முதலில் தலைமை தாங்கினார்.

நகரின் ஏழை நோயாளிகள் 193 பேர் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். மருந்து இரு பிரிவுக்கும் ஒன்றே: ஐசோனியசிட், பி.ஏ.எஸ். என்ற இரண்டும் ஓராண்டுக்கு. ஒரு பிரிவினருக்குச் சானடோரியத்தில் ஓய்வும் சத்துணவும் கிடைத்தன. மற்றப் பிரிவினருக்கு நெரிசலான வீடும் போதாத உணவும்தான். பலர் வேலைக்கும் போக வேண்டியிருந்தது.

வீட்டில் இருப்பவர் மருந்தை ஒழுங்காகச் சாப்பிடுகிறாரா? பணியாளர்கள் முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மீதி மருந்தை எண்ணினார்கள். சிறுநீரில் மருந்து இருக்கிறதா என்றும் சோதித்தார்கள்.

ஓராண்டு முடிந்தது. சானடோரியத்தில் நூற்றுக்கு 92 பேரிடமும், வீட்டில் நூற்றுக்கு 86 பேரிடமும் கிருமி அடங்கியிருந்தது. வேறுபாடு இருக்கிறதே என்கிறீர்களா? ஒரு நாணயத்தை நூறு முறை சுண்டினால் சரியாக ஐம்பது முறை தலை விழுவதில்லை அல்லவா? இவ்வளவு குறைந்த நோயாளிகளிடையே இச்சிறு வேறுபாடு தற்செயலாகவே வந்திருக்கலாம். சானடோரியத்தில் இருந்தவர்களின் எடை கூடுதலாக ஏறியது உண்மை. ஆனால் கிருமியை வென்றது மருந்துதான், படுக்கை அன்று.

குடும்பத்தார் கதி? அவர்களை ஐந்தாண்டுகள் கண்காணித்தார்கள். வீட்டில் சிகிச்சை பெற்றவர்களின் குடும்பங்களில் நோய் அதிகமாகப் பரவவில்லை. காரணம் எளிது. நோய் கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பேதான் பெரும்பாலும் தொற்று நிகழ்ந்துவிடுகிறது. தகுந்த மருந்து உள்ளே போகத் தொடங்கியதும் நோயாளியிடமிருந்து கிருமி பரவுவது விரைவில் குறைந்துவிடுகிறது.

1959 இல் வெளியான இந்த முடிவு உலகத்தையே மாற்றியது. படுக்கை கிடைக்கும்வரை காத்திருக்காமல், வீட்டிலிருந்தே குணமாகலாம் என்ற நம்பிக்கை ஏழை நாடுகளுக்குப் பிறந்தது. அந்த மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இயங்குகிறது. இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாதச் சிகிச்சை போதும். அரசு மருத்துவமனைகளில் மருந்து இலவசம். ஆனால் இடையில் நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் மருந்துக்கு அடங்காத கிருமிகள் தலைதூக்கும்.

நோயாளி சோதனை எலியா?

இல்லை. இன்று புதிய மருந்துச் சோதனை எதுவானாலும் அறநெறிக் குழு ஒன்று முன்கூட்டியே ஆராய்ந்து ஒப்புதல் தர வேண்டும். நன்மை தீமைகளை நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கி, அவர் சம்மதத்தைப் பெற வேண்டும். எப்போது வேண்டுமானாலும் அவர் விலகிக்கொள்ளலாம். எது மேல் என்று உண்மையிலேயே தெரியாதபோதுதான் குலுக்கல் நியாயமாகும்.

செய்து பாருங்கள்

உங்கள் வகுப்பில் நாற்பது பேரின் பெயர்களைச் சீட்டுகளில் எழுதிக் குலுக்குங்கள். முதல் இருபது சீட்டு ஒரு பிரிவு, மற்றவை இன்னொரு பிரிவு. இரண்டின் சராசரி உயரத்தையும் கணக்கிடுங்கள். முன் பெஞ்சு, பின் பெஞ்சுக் கணக்கோடு ஒப்பிடுங்கள். அடுத்து, பிரிவுக்கு நான்கே பேரை வைத்துச் செய்யுங்கள். சோதனைக்கு ஏன் நிறையப் பேர் வேண்டும் என்பதும் விளங்கிவிடும். இனி யாராவது "இந்த மருந்தைச் சாப்பிட்டவர் எல்லோரும் பிழைத்தார்கள்" என்று சொன்னால், ஒரு கேள்வி கேளுங்கள்: "சாப்பிடாதவர்கள் என்ன ஆனார்கள்? இரு சாராரையும் பிரித்தது யார்?"