அஸ்பெஸ்டஸ் தூசி நம் கலங்களை என்ன செய்கிறது?

அவுஸ்திரேலியாவில் பழைய வீடு வாங்கியதும் நம்மில் பலர் குளியலறையைத் திருத்தத் தொடங்குகிறோம். செலவைக் குறைக்க நாமே துளையிடுகிறோம், உடைக்கிறோம். 1990க்கு முன் கட்டிய வீடுகளில் 'பைப்ரோ' எனப்படும் அஸ்பெஸ்டஸ் தகடு இருக்கக்கூடும். இந்நாட்டில் அது முற்றாகத் தடைசெய்யப்பட்டது 2003 டிசம்பர் 31ஆம் திகதிதான்.

கல்லிலிருந்து வரும் தூசி எப்படிப் புற்றுநோயைத் தரும்? ஆய்வுகூடத்தில் வளர்க்கும் உயிர்க்கலங்கள் இதற்கு விடை தந்துள்ளன.

ஒரு பொருள் மரபணுவைப் பாதிக்குமா என்று அறிய 1970களில் இருந்து பற்றீரியாவை வைத்து 'ஏம்ஸ்' சோதனை செய்கிறார்கள். அஸ்பெஸ்டஸ் அதில் பெரும்பாலும் அகப்படவில்லை. பற்றீரியாவால் நாரை விழுங்க முடியாது என்பது இதற்கு ஒரு முக்கிய காரணம். மனிதரின், விலங்குகளின் கலங்களோ நாரை விழுங்கிவிடும். கலம் இரண்டாகப் பிரியும்போது நிறமூர்த்தங்கள் சரிசமமாகப் பங்கிடப்பட வேண்டும். உள்ளே கிடக்கும் நார் அதற்குக் குறுக்கே நிற்கிறது. பின்தங்கிய நிறமூர்த்தமோ அதன் துண்டோ ஒரு சிறு கருவாகத் தனியே ஒதுங்கிவிடும். இந்த நுண்கருக்களை நுணுக்குக்காட்டியில் எண்ணிப் பாதிப்பை அளக்கிறார்கள். நீல அஸ்பெஸ்டஸ் போன்றவற்றில் உள்ள இரும்பு, தீவிரமான ஒட்சிசன் வடிவங்களை உண்டாக்கி டிஎன்ஏயையும் சிதைக்கிறது.

உருவமும் முக்கியம். 1980களில் அமெரிக்காவில் அம்ஸ்டர் கருவின் கலங்களில் கண்ணாடி நார்களை இட்டுச் சோதித்தார்கள். அதே நார்களை அரைத்துக் குட்டையாக்கியதும், கலங்களைப் புற்றுத்தன்மைக்கு மாற்றும் வலிமை வெகுவாகக் குறைந்தது. நீண்ட, மெல்லிய நார்களே அதிக ஆபத்தானவை.

இச்சோதனைகள் யாருக்கு நோய் வரும் என்று சொல்லமாட்டா. நுரையீரல் உறையில் வரும் மெசோதெலியோமா என்ற புற்றுநோய், தூசியைச் சுவாசித்து 20 முதல் 40 ஆண்டுகளுக்குப் பின்னரும் தோன்றலாம். ஆகவே இன்று இருமல் இல்லை என்பதற்காக நாம் அலட்சியமாக இருக்கலாகாது.

நாம் செய்யக்கூடியவை:

• நல்ல நிலையில் உள்ள தகட்டைத் தொடாமல் விடுவோம்.
• சந்தேகம் இருந்தால், வேலை தொடங்குமுன் அங்கீகாரம் பெற்ற ஆய்வுகூடத்தில் மாதிரியைச் சோதிப்பிப்போம். கண்ணால் பார்த்து முடிவு செய்ய முடியாது.
• மின்கருவியால் வெட்டவோ, தூசியை உலர்வாகக் கூட்டவோ வேண்டாம்.
• அகற்றும் வேலையை அனுமதிப்பத்திரம் உள்ளவரிடம் ஒப்படைப்போம்.
• வேலை நடக்கும்போது பிள்ளைகளை அப்பக்கம் விடாதிருப்போம்.

குளியலறை சில வாரங்கள் பிந்தினாலும் பரவாயில்லை. வருமுன் காப்பதே நன்று.