பிரஷ் தடம் எங்கே மறைகிறது?

ஒரே நாளில் வாங்கிய இரண்டு சைக்கிள்கள். ஒன்று முட்டம் கடற்கரையில் ஓடுகிறது; மற்றொன்று கடலிலிருந்து விலகிய பூதப்பாண்டியில் ஓடுகிறது. எது முதலில் துருப்பிடிக்கும்? முட்டத்துச் சைக்கிள்தான். அலைகள் உடையும்போது சிதறும் நுண்துளிகளைக் காற்று கரைக்குக் கொண்டுவருகிறது. நீர் ஆவியாகிவிட, உப்பு வண்டியின் மேல் தங்குகிறது. காற்றில் ஈரம் மிகும்போது அந்த உப்பே ஈரத்தை உறிஞ்சிக் கரைசலாகிறது. உப்புக் கரைசல் மின்சாரத்தை எளிதில் கடத்தும். துருப்பிடித்தல் ஒரு மின்வேதி வினை. ஆகவே அது விரைவாக நடக்கிறது.

இதைத் தடுத்து நிற்பது வண்ணப்பூச்சு. பிரஷ்ஷினால் அடித்த ஒரு பூச்சு காய்ந்தபின் ஏறத்தாழ 30 மைக்ரான் கனமே இருக்கும். தலைமயிரின் தடிமனில் இது பாதிகூட இல்லை! சைக்கிளுக்கோ சிறிய சரக்கு வண்டிக்கோ இப்பூச்சை வீட்டிலேயே பிரஷ், ரோலர் கொண்டு அடிக்கலாம். மோட்டார் வண்டிகள் தோன்றிய காலத்தில் அவற்றுக்கும் பிரஷ்தான். ஒரு வண்டி பூசி முடிய வாரக்கணக்கில் ஆயிற்று.

முதலில் கழுவுங்கள்

பெயின்ட் டப்பாவைத் திறக்குமுன் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். ஏன்? பூச்சுக்கு அடியில் உப்பு சிக்கிக்கொண்டால், பூச்சு ஒரு சவ்வுபோல் செயல்படும். வெளியிலுள்ள நீர் அதனூடே உப்பை நோக்கி நுழையும். பாடத்தில் படித்த சவ்வூடு பரவல்தான் இது. சில மாதங்களில் பூச்சு கொப்புளம் கொப்புளமாக எழும்பும்; உள்ளே துரு வளரும்.

பிறகு தண்ணீர் தொட்டு வாட்டர் பேப்பரால் தேய்க்க வேண்டும். உலர்ந்தபடி தேய்க்கலாகாது. பழைய வண்டிப் பூச்சில் ஈயச் சேர்மங்கள் இருக்கக்கூடும். அந்தத் தூசி மூச்சில் போனால் குழந்தைகளின் மூளையைப் பாதிக்கும். 2016-இல் இந்திய அரசு கொண்டுவந்த விதிகள், வீட்டுப் பெயின்டுகளில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் ஈயம் கூடாது என்கின்றன. பழைய வண்டியின் பூச்சுக்கு அந்த உறுதி கிடையாது. எனவே இந்த வேலையைப் பெரியவர்களிடம் விட்டுவிடுங்கள். உலர்ந்தபின் ரெட் ஆக்ஸைடு பிரைமர், பள்ளங்களில் பட்டி, அதன்மேல்தான் எனாமல்.

இரண்டு விசைகளின் போட்டி

பிரஷ்ஷை இழுத்ததும் அதன் மயிர்கள் வரப்பும் பள்ளமுமாகத் தடம் விடுகின்றன. சிறிது நேரத்தில் அவை தாமாகவே சமமாகிவிடுகின்றன. யார் சமமாக்கியது? பரப்பு இழுவிசை. மழைத்துளியை உருண்டையாக்கும் அதே விசை, பெயின்டின் மேற்பரப்பைச் சுருக்கி மட்டமாக்க முயல்கிறது. மறுபுறம் ஈர்ப்பு விசை, நிமிர்ந்த பரப்பில் உள்ள பெயின்டைக் கீழே இழுத்து வழியச் செய்கிறது. இரண்டையும் தாமதப்படுத்துவது பெயின்டின் பாகுநிலை.

"தின்னர் ஊற்றினால் தடம் மறைந்துவிடும்" என்பார்கள். உண்மைதான், ஆனால் பாகுநிலை பாதியானால் தடம் மறைவது இருமடங்கு வேகமாகும், வழிதலும் இருமடங்கு வேகமாகும்! போட்டியில் யாருக்கும் சாதகம் இல்லை.

கனத்தைக் குறைத்தால்? பாதிக் கனத்தில் பூசினால் வழியும் வேகம் 4-இல் ஒரு பங்காகும். நல்லதுதான். ஆனால் தடம் மறையும் வேகமோ 8-இல் ஒரு பங்காகிவிடும். தடம் மறையுமுன் பெயின்ட் இறுகிவிடலாம்.

வழி என்ன? தடங்களுக்கு இடையிலுள்ள தூரத்தைப் பாருங்கள். அது பாதியானால் தடம் 16 மடங்கு வேகமாக மறையும்! மெல்லிய மயிர்கள் நெருங்கி அமைந்த நல்ல பிரஷ் நெருக்கமான தடங்களையே விடும். மெல்லிய பூச்சால் இழந்த 8 மடங்கை ஈடுசெய்து, அதற்கு மேலும் தருகிறது அது. நல்ல பிரஷ், மெல்லிய பூச்சு, பல முறை. இதுவே கைவேலையின் இரகசியம்.

அகன்ற தகடுகளில் ரோலர் விரைவாகப் பரப்பும். ஆனால் ஆரஞ்சுத் தோல்போல் புள்ளிகளை விடும். உடனே நல்ல பிரஷ்ஷின் நுனியால் இலேசாக நீவினால் அவை அடங்கும். மட்கார்டு போன்ற கழற்றக்கூடிய பாகங்களைக் கழற்றிப் படுக்கவைத்துப் பூசுங்கள். அப்போது ஈர்ப்பு விசை வழியச் செய்யாது.

மெல்லிய பூச்சு அடியிலுள்ள நிறத்தை மறைக்குமா? வெள்ளையில் டைட்டானியம் டையாக்சைடு இருப்பதால் மறைக்கும். அதன் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 2.7, பெயின்டிலுள்ள பிசினுக்கு 1.5. இந்தப் பெரிய வேறுபாட்டால் ஒளி நன்கு சிதறுகிறது. அதைத் தயாரிக்க உதவும் இல்மனைட் கனிமம், நம் மணவாளக்குறிச்சிக் கருமணலிலேயே கிடைக்கிறது!

காற்றும் வெயிலும்

எனாமல் இரண்டு கட்டமாகக் காய்கிறது. முதலில் கரைப்பான் ஆவியாகும். பிறகு காற்றிலுள்ள ஆக்சிஜனை ஏற்று மூலக்கூறுகள் பின்னிக்கொள்ளும். உச்சி வெயிலில் கரைப்பான் சட்டென்று போய்விடும். தடம் மறைய நேரமிருக்காது. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று வீசும் மாதங்களில் திறந்த வெளியில் பூசினால் ஈரப் பூச்சில் தூசி ஒட்டும். கனமாகப் பூசினாலோ மேலே ஆடை படிந்து, உள்ளே ஈரம் நின்று, தோல் சுருங்கும். எனவே நிழலில், காற்றோட்டமுள்ள ஆனால் காற்றடிக்காத இடத்தில் பூசுங்கள். அடுத்த பூச்சுக்கு ஓர் இரவாவது பொறுங்கள்.

செய்து பாருங்கள்

வீட்டில் மீந்த டைல்ஸ் துண்டுகள் நான்கை எடுங்கள். இரண்டில் முரட்டு பிரஷ்ஷினாலும், இரண்டில் மென்மையான பிரஷ்ஷினாலும் ஒரே எனாமலைப் பூசுங்கள். ஒவ்வொரு வகையிலும் ஒன்றைப் படுக்கவையுங்கள். மற்றதை நிமிர்த்தி வையுங்கள். எதில் தடம் முதலில் மறைகிறது? எது வழிகிறது? கடிகாரம் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். அந்தக் குறிப்பைப் பார்த்தபின் சைக்கிளில் கை வைக்கலாம்.