மூலம்தானே என்று இருந்துவிடாதீர்கள்

மலத்துடன் இரத்தம் வந்தால் நம் வீடுகளில் உடனே சொல்லப்படும் காரணம் ‘உடம்புச் சூடு’, இல்லையேல் ‘மூலம்’. மற்றவர்களுக்குப் பல சமயம் மூலமாகவே இருக்கும். ஆனால் சிரோசிஸ் எனப்படும் கல்லீரல் சுருக்க நோய் உள்ளவருக்கு அந்த முடிவை வீட்டிலேயே எடுப்பது ஆபத்தானது.

குடலிலிருந்து வரும் இரத்தம் போர்ட்டல் சிரை வழியே கல்லீரலுக்குள் செல்ல வேண்டும். தழும்பேறி இறுகிய கல்லீரல் அதற்கு எளிதில் வழிவிடாது. மதகு அடைபட்ட வாய்க்கால் நீரைப்போல இரத்தம் பக்கவழிகளைத் தேடுகிறது. உணவுக்குழாயில் இவ்வாறு புடைக்கும் சிரைகளைப் பற்றி உங்களில் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். மலக்குடலிலும் அத்தகைய புடைப்பு உண்டாகலாம். இது மூலம் அன்று. மூலம் என்பது ஆசனவாயில் எல்லோருக்கும் இயல்பாக உள்ள மெத்தை போன்ற திசுவின் வீக்கம். புடைசிரையோ போர்ட்டல் அழுத்தத்தின் விளைவு. இரண்டிலுமே வலியின்றிச் சிவப்பு இரத்தம் வரலாம். வந்த இரத்தத்தைப் பார்த்து எதுவென்று சொல்ல இயலாது. எனவேதான் தெருமுனையில் ‘மூலம், பௌத்திரம்’ என்று பலகை மாட்டிய இடங்களில் அறுக்கவோ ஊசி போடவோ இசையாதீர்கள் என்று வற்புறுத்துகிறேன். அழுத்தம் மிகுந்த சிரையில் கைவைத்தபின் இரத்தத்தை நிறுத்துவது எளிதன்று.

மருத்துவமனையில் உறவினர்கள் தவறாமல் கேட்கும் கேள்வி: “கீழே வரும் இரத்தத்துக்கு வாய்வழியாக ஏன் எண்டோஸ்கோப்பி?” உணவுக்குழாயிலோ இரைப்பையிலோ இரத்தம் வேகமாகக் கொட்டினால், கறுப்பாக மாற நேரமின்றிச் சிவப்பாகவே கீழே வந்துவிடும். உயிருக்கு உடனடி ஆபத்தான அந்த வாய்ப்பை முதலில் பார்த்துவிட்டுத்தான், தேவைப்பட்டால் பெருங்குடலுக்குள் கொலோனோஸ்கோப்பி செய்கிறோம்.

அடுத்த கேள்வி: “ஏன் இன்னும் இரத்தம் ஏற்றவில்லை?” இரத்ததானத்துக்கு நான்கு நண்பர்களை அழைத்துவந்து வாசலில் காத்திருக்கும் மகனின் தவிப்பு புரிகிறது. எனினும் தேவைக்கு மேல் ஏற்றும் இரத்தம் போர்ட்டல் அழுத்தத்தைக் கூட்டி, நின்ற கசிவை மீண்டும் திறந்துவிடும். பார்சிலோனா மருத்துவர்கள் 2013-இல் வெளியிட்ட ஆய்வு, மேற்குடல் இரத்தக்கசிவில் ஹீமோகுளோபின் 7 கிராமுக்குக் கீழே இறங்கியபின் ஏற்றப்பட்டவர்களே கூடுதலாக உயிர் பிழைத்தனர் என்று காட்டியது. கீழ்க்குடல் கசிவிலும், நோயாளி நிலையாக இருந்தால், ஏறக்குறைய அந்த அளவையே கடைப்பிடிக்கிறோம். வயது, இதயநோய், கசிவின் வேகம் ஆகியவற்றைப் பொறுத்து இது மாறும்.

புடைசிரைதான் காரணம் என்று உறுதியானால் வளையமிட்டுக் கட்டுதல், பசை மருந்தை ஊசியால் செலுத்துதல் போன்ற வழிகள் உள்ளன. அவற்றுக்கும் அடங்காவிடில், கழுத்துச் சிரை வழியே கல்லீரலுக்குள் ஸ்டென்ட் பொருத்தி அழுத்தத்தைக் குறைக்கலாம். எல்லோருக்கும் அது பொருந்தாது.

வீட்டில் கவனிப்பவர்களுக்குச் சில சொற்கள். குடலில் தங்கும் இரத்தத்திலிருந்து அம்மோனியா உருவாகி மூளையைப் பாதிக்கலாம். பகலில் உறக்கம், இரவில் விழிப்பு, பேச்சில் குழப்பம், நீட்டிய கைகளில் உதறல் ஆகியவை அதன் அறிகுறிகள். நாளுக்கு இரண்டு மூன்று முறை இளக்கமாக மலம் போகும்படி கொடுத்துள்ள லாக்டுலோஸை, ‘வயிறு போகிறது’ என்று நீங்களாகவே நிறுத்தாதீர்கள். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலிமாத்திரைகள் வேண்டா. இதயத்துக்காக ஆஸ்பிரின் உட்கொள்பவர் மருத்துவரைக் கேட்டபின்பே மாற்றம் செய்யலாம்.

இரத்தம் கட்டிகட்டியாகவோ அடுத்தடுத்தோ வந்தால், தலைசுற்றினால், மலம் தார் போலக் கறுத்தால் காலைவரை காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். வழியில் காபி, இளநீர் எதுவும் கொடுக்க வேண்டா. எண்டோஸ்கோப்பிக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். இரும்புச்சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும் என்பதால், உட்கொள்ளும் மாத்திரை அட்டைகள் அனைத்தையும் பழைய எண்டோஸ்கோப்பி அறிக்கையையும் உடன் எடுத்து வாருங்கள்.