விரல்கள் கற்பிக்கும் பொறுமை

இரு கைகளையும் மேசைமீது வைத்து, ஆள்காட்டி விரல்கள் இரண்டையும் காரின் கண்ணாடித் துடைப்பான்களைப் போல ஒரே திசையில் இடமும் வலமுமாக அசைத்துப் பாருங்கள். மெதுவாகச் செய்தால் எளிது. வேகத்தைக் கூட்டிக்கொண்டே சென்றால், ஒரு கட்டத்தில் விரல்கள் தாமாகவே மாறி, ஒன்றையொன்று நெருங்கியும் விலகியும் அசையத் தொடங்கும்.

நரம்பியல் அறிஞர் ஸ்காட் கெல்சோ 1980களில் அமெரிக்காவில் இதனை ஆராய்ந்தார். 1985-இல் ஜெர்மானிய இயற்பியலாளர் ஹெர்மன் ஹாக்கென் முதலியோருடன் இணைந்து இதற்குக் கணித விளக்கமும் அளித்தார். மூளையின் ஆணை மட்டுமே அசைவை ஒழுங்குபடுத்துவதில்லை. உறுப்புகள் ஒன்றோடொன்று இசைவதாலும் ஒழுங்கு பிறக்கிறது. வேகம் மிகும்போது கடினமான இசைவு குலைந்து, எளியது நிலைக்கிறது.

நலமான கைகளுக்கே இந்நிலை என்றால், பக்கவாதத்திற்குப் பின் சட்டைப் பொத்தானை மாட்டப் பழகுபவரின் பாடு எத்தகையது! அவருடைய தாமதம் சோம்பல் அன்று. குலைந்த இசைவை மீண்டும் கட்டியெழுப்பும் உழைப்பு. ஆகவே, குடும்பத்தினர் அவரை அவசரப்படுத்த வேண்டாம். பொறுக்கமாட்டாமல் தாமே பொத்தானை மாட்டிவிடவும் வேண்டாம். இயன்முறை மருத்துவர் காட்டிய வேகத்திலேயே பழகட்டும். அருகில் அமர்ந்து காத்திருங்கள். அதுவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.