பாளையக்காரர் போர் உள்நாட்டுப் போரா? – தூத்துக்குடிக் கடற்கரையை முன்வைத்து

முன்னுரை

1799 முதல் 1801 வரை பாஞ்சாலங்குறிச்சியை மையமாகக் கொண்டு நிகழ்ந்த போரைக் கிழக்கிந்தியக் கம்பெனி ‘கலகம்’ எனப் பதிவு செய்தது. போரிட்டவர்கள் ஏற்கெனவே ஓர் அரசுக்குக் கட்டுப்பட்ட குடிகள் என்ற முன்முடிவு அச்சொல்லில் அடங்கியுள்ளது. பிடிபட்டவரைப் போர்க் கைதியாக நடத்தாமல் குற்றவாளியாகத் தூக்கிலிட அதுவே அடிப்படையாயிற்று. இப்போரை உள்நாட்டுப் போர் என வகைப்படுத்தலாமா என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

வரையறை

ஓர் அரசின் எல்லைக்குள் நிகழ்தல், அவ்வரசே ஒரு தரப்பாக இருத்தல், இரு தரப்பும் வலுவுடன் எதிர்த்து நிற்றல் ஆகிய மூன்றையும் உள்நாட்டுப் போரின் கூறுகளாக மெல்வின் ஸ்மாலும் டேவிட் சிங்கரும் 1982இல் வகுத்தனர். இதன்படி, நிலப்பகுதி குறித்த பூசல் மட்டும் போரின் வகையைத் தீர்மானிப்பதில்லை. இலங்கையில் 1983 முதல் 2009 வரை நடந்த போர் தனிநாட்டுக் கோரிக்கையை முன்வைத்தது. எனினும், பிற நாடுகளின் ஏற்பைப் பெற்ற ஓர் அரசின் எல்லைக்குள் நிகழ்ந்தமையால் ஆய்வுலகில் அது உள்நாட்டுப் போராகவே பெரிதும் கொள்ளப்படுகிறது. ஆகவே, போருக்கு முன் இரு தரப்புக்கும் பொதுவான அரசு இருந்ததா என்பதே முதன்மை வினா.

இறைமை யாரிடம் இருந்தது?

1792ஆம் ஆண்டு உடன்படிக்கை, பாளையக்காரர்களிடம் நவாபின் பெயரால் கப்பம் வசூலிக்கும் உரிமையைக் கம்பெனிக்கு அளித்தது. இது வசூல் உரிமையே. பெயரளவிலான இறைமை ஆர்க்காட்டு நவாபிடமே இருந்தது. கடற்கரையிலோ நிலைமை இன்னும் சிக்கலானது. முத்துக்குளிப்பு வருவாயில் நவாபும் டச்சுக்காரரும் உரிமை கோரினர். டச்சுக்காரரிடமிருந்து 1795இல் ஆங்கிலேயர் கைப்பற்றிய தூத்துக்குடி, 1818இல் திருப்பி அளிக்கப்பட்டு, 1825இல்தான் அவர்களுக்கு நிலையாகக் கிடைத்தது. 1801இல் ஊமைத்துரையின் தரப்பினர் கைப்பற்றிய இத்துறைமுகம், ஐரோப்பிய அரசுகளுக்கிடையிலான போரால் கம்பெனி வசம் வந்திருந்த ஊராகும்.

காலவரிசை தரும் விடை

கட்டபொம்மன் 1799 அக்டோபர் 16 அன்று கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை 1801 மே 24 அன்று வீழ்ந்தது. கர்நாடகத்தின் ஆட்சி அதிகாரத்தைக் கம்பெனிக்கு அளித்த உடன்படிக்கையோ 1801 ஜூலை 31 அன்றுதான் கையெழுத்தானது. எனவே கட்டபொம்மன் ‘கலகக்காரர்’ என்று தண்டிக்கப்பட்டபோது கம்பெனி அந்நிலத்தின் அரசாக இருக்கவில்லை. மருது சகோதரர்களும் ஊமைத்துரையும் அவ்வாண்டின் அக்டோபர், நவம்பர் மாதங்களில் தூக்கிலிடப்பட்டபோது அது அரசாகியிருந்தது. போர் நடந்துகொண்டிருக்கும்போதே ஒரு தரப்பின் சட்டநிலை மாறியது.

எட்டயபுரம் கம்பெனிப் பக்கம் நின்றதைச் சுட்டி இதை உள்நாட்டுப் பிளவாகக் காண்போர் உண்டு. பாளையங்களிடையே பகை இருந்தது உண்மையே. ஆயினும் அப்பகை, இரு பாளையங்களையும் ஆளும் அரசாகக் கம்பெனியை ஆக்கிவிடாது.

முடிவுரை

பொதுவான அரசு ஒன்று இருந்து, அதற்குள் எழுந்த போர் அன்று இது. அத்தகைய அரசை நிறுவுவதற்காகக் கம்பெனி நடத்திய போர். ஆகவே இதை உள்நாட்டுப் போர் என்பது பொருந்தாது. 1802இல் துரைசாமி உள்ளிட்டோர் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டதும், வென்றவர் தாமே அரசு எனத் தம்மை நிலைநிறுத்திக்கொண்ட பின்னரே நிகழ்ந்தது. ‘கலகம்’ என்ற சொல்லை இன்றைய ஆய்வாளர் அப்படியே கையாளின், வென்றவரின் அவ்வுரிமைக் கோரிக்கையையும் சேர்த்தே ஏற்கிறார்.