சிறுநீரகக் கணக்கிலும் இன பேதம்

“உடம்பில் உப்பு கூடிவிட்டது” என்று நம் ஊர்களில் சொல்வார்கள். ஆய்வகம் அதை ரத்தத்திலுள்ள கிரியேட்டினின் அளவைக் கொண்டு பார்க்கிறது. தசைகளில் உண்டாகும் கழிவு அது. சிறுநீரகம் தளர்ந்தால் ரத்தத்தில் தேங்கும். அந்த எண்ணோடு வயது, பாலினம் சேர்த்துக் கணக்கிட்டால் ‘இ.ஜி.எஃப்.ஆர்.’ என்ற வடிகட்டும் திறன் தெரியும்.

அமெரிக்காவில் இந்தக் கணக்கில் இனமும் இருந்தது. 2009-இல் வந்த சூத்திரம், நோயாளி கறுப்பினத்தவர் என்றால் விடையை 1.159-ஆல் பெருக்கச் சொன்னது. கறுப்பர்களுக்குத் தசை அதிகம் என்பது சொல்லப்பட்ட காரணம். விளைவு என்ன? டயாலிசிஸ் தொடங்காதவருக்கு, திறன் 20 அல்லது அதற்குக் கீழே இறங்கினால்தான் மாற்றுச் சிறுநீரகத்துக்கான காத்திருப்புக் காலம் கணக்கில் ஏறும். வெள்ளையருக்கு 18 என்று காட்டிய அதே அளவு, கறுப்பருக்கு ஏறக்குறைய 21 ஆனது. ஒருவர் வரிசையில் நின்றார். மற்றவர் வாசலிலேயே நிறுத்தப்பட்டார்.

மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் கேள்வி எழுப்பினார்கள். 2021-இல் இனத்தை நீக்கிய புதிய சூத்திரம் வந்தது. கறுப்பின நோயாளிகள் இழந்த காத்திருப்புக் காலத்தைத் திருத்தித் தர வேண்டும் என்ற விதி 2023 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. கேள்வி கேட்டதால் கிடைத்த நீதி அது.

நம் ஊர் ரத்தச் சீட்டில் சாதி கேட்பதில்லை. ஆனாலும் கொளுத்தும் வெயிலில் செங்கல் சூளையிலும் வயலிலும் தண்ணீர் குடிக்கக்கூட நேரமின்றி வேலை செய்பவர்களில் பெரும்பகுதி யார் என்பது நமக்குத் தெரியும். மாலையில் உடம்பு வலிக்குக் கடையில் வாங்கிப் போடும் மாத்திரையும் சேர்ந்து சிறுநீரகத்தைப் பதம் பார்க்கிறது.

இங்கே ஏமாற்றுவது ‘நார்மல்’ என்ற சொல். கிரியேட்டினின் 1.2 என்பது பல சீட்டுகளில் நார்மல்தான். புதிய சூத்திரப்படி 25 வயது இளைஞருக்கு அது 86 என்ற திறனைக் காட்டும். 55 வயதுப் பெண்ணுக்கோ 53-தான். திறன் மூன்று மாதங்களுக்கு மேல் 60-க்குக் கீழே இருந்தால் அது நாள்பட்ட சிறுநீரக நோய். உழைத்துத் தேய்ந்து மெலிந்த உடம்பில் தசை குறைவு. கிரியேட்டினினும் குறைவாகவே தெரிந்து நோயை மறைக்கும்.

எனவே அரசு மருத்துவமனையில் சீட்டு வாங்கும்போது, “இ.ஜி.எஃப்.ஆர். எவ்வளவு? சிறுநீரில் புரதம் போகிறதா?” என்று கேட்போம். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒருமுறையாவது இரண்டையும் பார்க்க வேண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் டயாலிசிஸ் உண்டு. அந்த நிலைக்குப் போகாமல் காப்பதுதான் நம் உரிமையின் முதல் படி.